பங்குத் தந்தையாகிப்போன ரஷ்யர்

என் அன்பான அண்ணா,

நீங்கள் போன பிறகு இங்கே நடந்ததைச் சொல்ல உங்களுக்கு வேறு ஆள் இல்லை. அதனால் நானே எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு உங்கள் மகன் ஜூட் நினைவு மலர் அடித்திருந்தான். முதல் பக்கத்தில் நீங்கள் கோட் போட்டுச் சிரிக்கிறீர்கள். அடுத்த பக்கத்தில் உங்கள் பியானோவுக்கு மேலே தொங்கிய படம். ஒட்ட வெட்டிய தலைமயிர், கறுத்த உடுப்பு, சிரிக்காத நீள முகம். அதன் கீழே, 'அப்பாவை விசுவாசத்தில் வளர்த்த மன்னார்ப் பங்குத் தந்தை' என்று போட்டிருந்தான்.

நீங்கள் உயிராய் நேசித்த இசையமைப்பாளரை, உங்கள் ரஷ்யரை, சாமியார் ஆக்கிவிட்டார்கள் அண்ணா! கறுத்த உடுப்பில் ஒரு வெள்ளைக்காரரைச் சுவரில் கண்டால் எங்கள் மன்னார்ச் சனத்துக்கு வேறு என்னதான் தோன்றும்? மற்றவர்களை விடுங்கள். அந்தப் படத்தின் கீழே சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, அது யார் என்று ஒருநாளும் உங்களிடம் கேட்கவில்லையா?

"ஜூட், அது சாமியில்லையடா. அப்பா வாசிக்கிற மியூசிக்கை எழுதின ரஷ்யாக்காரர்" என்றேன்.

"ஓ, ரியலி? விடுங்கோ மாமி, பிரின்ட் பண்ணியாச்சு. ஆருக்குத் தெரியப்போகுது?"

இதே பிள்ளைதான் அடக்கத்தன்றும் என் வாயை அடைத்தவன். அந்த ரஷ்யர் பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்கும் எழுதிய கொன்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதியை, உங்கள் சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போது போடச் சொல்லியிருந்தீர்கள். "சனம் ஒரு மாதிரி நினைக்கும் மாமி" என்றான். அதை ஏற்றி வைத்திருந்த போனை நான் கைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை.

அந்த ரஷ்யருடைய கதையை எனக்குத்தான் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! முதல் சிம்பொனியைச் சரியாகப் பழகாத வாத்தியக் குழு குழப்பியடித்தது, கேட்டவர்கள் ஏளனம் செய்தார்கள், மனிதர் மூன்று வருடம் எதையும் எழுதவில்லை. இந்த வெளிநாட்டுக்கு வந்தபின் மெரிலேண்ட்ஸில் எங்கள் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு நீங்கள் எழுதிய பாட்டுக்கும் அதுதானே நடந்தது? ஒத்திகைக்கு வராத பாடகர் குழு இரண்டாம் சரணத்தில் தடுமாறி நின்றுவிட்டது. "அண்ணை, இது கிறிஸ்மஸ் பாட்டோ, செத்தவீட்டுப் பாட்டோ?" என்று தேநீர்க் கோப்பையோடு கேட்டுச் சிரித்தார்கள். அதன்பிறகு நீங்கள் ஒரு பாட்டும் எழுதவில்லை.

அந்த ரஷ்யரிடம் ஒரு வைத்தியர் பேசிப் பேசி அவரை மறுபடி எழுத வைத்தார். அப்படி வந்ததுதான் அந்தக் கொன்செர்ட்டோ. உங்களிடம் யார் வந்து பேசினார்கள்?

பின்னாளில் அவரும் நாட்டைவிட்டு வந்து, குடும்பத்துக்காக ஊர் ஊராகப் பியானோ வாசித்தாராம். அதன்பின் எழுதியது கொஞ்சம்தானாம். "மண்ணை விட்டு வந்தா பாட்டு வராது தங்கச்சி" என்பீர்கள். அவருக்கு அது சரியாக இருக்கலாம். உங்களுக்குப் பாட்டு வந்தது, இங்கேதான் வந்தது. அதைச் சிரித்துச் சிரித்தே சாகடித்தார்கள். அதைச் சொல்லாமல் மண்ணின் மேல் ஏன் பழி போட்டீர்கள்? உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

இன்னொன்று கேளுங்கள். எங்கள் கோயிலுக்கு வரும் எமில்டா அன்ரி நினைவு மலரிலிருந்து ரஷ்யரின் படத்தை வெட்டி, தன் வீட்டு அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, மெழுகுதிரி கொளுத்துகிறார். "நல்ல சாமி, முகத்திலயே தெரியுது. முழங்கால் நோவும் குறைஞ்சிருக்கு பிள்ளை" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உங்கள் படம் உள்ள பக்கம் அவருடைய மேசை லாச்சிக்குள் மூடிக் கிடக்கிறது.

ஜூட் உங்கள் வீட்டை விற்கிறான். பியானோவும் சுவரில் இருந்த படமும் கிரவீனில் இருக்கும் என் வீட்டுக் கராஜுக்கு வந்துவிட்டன.

உங்கள் ஆண்டுப் பூசை முடிய எல்லோரும் சேமக்காலையில் உங்கள் கல்லறைக்கு வருவார்கள். செபம் தொடங்க முன்னர் அந்த நடுப்பகுதியைப் போடுவேன், முழுவதுமாக. ஜூட் முகத்தைச் சுளித்தாலும் நிறுத்த மாட்டேன். யார் எழுதியது என்று சொல்லுவேன். பிறகு உங்கள் பாட்டைப் பாடுவேன் அண்ணா. குசினியில் சமைக்கும்போது பாடிப் பாடி எனக்கு அது முழுதும் மனப்பாடம். அவர்கள் நிறுத்திய இரண்டாம் சரணத்திலிருந்து தொடங்குவேன். செத்தவீட்டுப் பாட்டு என்றவர்களும் அங்கே நிற்பார்கள், கேட்கட்டும்.

இப்படிக்கு, உங்களோடு கூடப்பிறந்த ஒரே தங்கச்சி,
செலின்