வலது இருக்கையில் ஒரு மூட்டை

இன்று காலை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த விரிசலுக்கு நம் பையன் பைபர் பசை பூசினான். அந்த நெடி படியிறங்கிச் சமையலறை வரைக்கும் வந்தது. மற்றவர்களுக்கு அது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய நாற்றம். எனக்கோ நீங்கள் வேலை முடிந்து வந்து வாசலில் நிற்பது போலிருந்தது. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு எட்டியே பார்த்துவிட்டேன். நான் இன்னும் அவ்வளவு பைத்தியம்தான்.

பஸ்ஸுக்கு பைபரில் முகப்பும் கூரையும் செய்துகொண்டிருந்த மனிதருக்கு விமான ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியாது. வெளியூர் போய்ப் பறக்கக் கற்று, அனுமதிக்காகச் செருப்புத் தேய அலைந்து, பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பட்டறையில் பூட்டி, கடைசியில் ஒரு வண்டியை நிறுத்திவிட்டீர்கள். அடிப்பாகம் படகு, மேலே இறக்கை, பக்கத்தில் மடக்கிக்கொள்ளும் சக்கரம், உள்ளே இரண்டே இருக்கை. கச்சிராயபாளையத்தில் அதற்குப் 'பறக்கிற பரிசல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சக்கரம் இருந்து என்ன பயன்? சுற்றிலும் கரும்பும் நெல்லும். ஓடி எழும்ப இடமில்லை. கோமுகி அணையில் தண்ணீர் நிறைந்தால்தான் உங்களுக்கு வானம்.

இரண்டாவது இருக்கை எனக்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். ஆனால் ஏற்றவில்லை. "ரெண்டு ஆளு கனத்தோட நல்லா ஓட்டிப் பழகிக்கிறேன், அப்புறம் உன்ன ஏத்துறேன்" என்று என்னை அரிசி மில்லுக்குக் கூட்டிப்போய், மூட்டை நிறுக்கும் தராசில் நிற்க வைத்தீர்கள். மில்லே சிரித்தது. என் எடைக்குச் சரியாக ஒரு யூரியா சாக்கில் ஆற்று மணலை நிரப்பி, வாயைத் தைத்து, வலது இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டினீர்கள்.

"இன்னாங்க, அதுக்கு ஒரு பொட்டும் வெச்சுடுங்களேன்" என்றேன் கடுப்பில். மறுநாள் போய்ப் பார்த்தால் சாக்கின் நெற்றியில் குங்குமம்.

நீங்களும் மூட்டையும் கல்வராயன் மலைப்பக்கம் வட்டமடித்துத் திரும்புவீர்கள். நான் சோற்றுத் தூக்கோடு கரையில் நிற்பேன். இறங்கியதும், "மலைக்குப் பின்னால மலை, அதுக்குப் பின்னால இன்னொரு மலை. நீ பாக்கணும்" என்பீர்கள். மூட்டை பார்த்துவிட்டதே என்று எனக்கு வயிற்றெரிச்சல். மணல் மூட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பொண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் முறை வந்த அன்று கரையெல்லாம் கூட்டம். கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். மூட்டையை இறக்கிவிட்டு நான் ஏறினேன். நடுத்தண்ணீரில் வேகம் பிடித்தீர்கள். வண்டி எழும்பவே இல்லை.

"இன்னாடி, காலைல பொங்கல ஜாஸ்தி தின்னுட்டியா?" என்றீர்கள். இன்னொரு தடவை ஓட்டினீர்கள். அப்போதும் எழும்பவில்லை. என் கால்விரலில் சில்லென்று தண்ணீர் பட்டது.

மெல்லக் கரைக்கு வந்து பார்த்தால் வண்டியின் மூக்குக்கு அடியில் ஓர் ஓட்டை. அதில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்த திருஷ்டிக் கயிறு நனைந்து தொங்கியது. என் தம்பியின் வேலை. லாரிக்குக் கட்டுவது போலக் கட்டலாம் என்றால் கொக்கி இல்லை. விடிந்ததும் டிரில் மெஷினை எடுத்து ஓட்டை போட்டிருக்கிறான்.

"ஊரே பாத்துக்கினு இருக்குதே, கண்ணு பட்டுடப் போவுதுன்னுதான் மாமா..." என்று தலையைச் சொறிந்தான்.

அறைந்துவிடுவீர்கள் என்று பயந்தேன். நீங்களோ கரையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். "படகுல ஓட்ட போட்டுக் கண்ணு கழிச்ச ஆளு நீ ஒருத்தன்தான்டா."

ஓட்டையை அடைத்து, காயவைத்து, முதலில் மூட்டையோடுதான் என்று பிடிவாதமாக ஒரு சுற்றுப் போய்வந்தீர்கள். அதற்குள் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டதில் அணையின் மட்டம் இறங்கிவிட்டது. "ஐப்பசிக்குத் தண்ணி ரொம்பட்டும். மொத சவாரி உனக்குத்தான்" என்றீர்கள். சித்திரையில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐப்பசியில் அணை நிரம்பியது.

இன்று பசை பூசி முடித்த பையன், தொட்டிக்கு அடியில் மணல் பரப்ப வேண்டும் என்று பட்டறைக்குப் போனான். எனக்கு என்னவோ தோன்றிப் பின்னாலேயே போனேன். அங்கே நிற்கும் வண்டியில் ஏறி வலது இருக்கையின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சும்மா கெடக்கற மணலுதானம்மா."

"வெச்சுடு. அது மணலு இல்ல, நானு."

என் முகத்தைப் பார்த்தான். பெல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டுப் போய்விட்டான். உங்கள் பிள்ளைதானே, புரிந்துகொண்டான்.

சாக்கின் குங்குமம் மங்கிவிட்டது. நானும் இளைத்துவிட்டேன். இப்போது நிறுத்துப் பார்த்தால் மூட்டைதான் கனம். அணைப்பக்கம் பஸ் போகும்போது தண்ணீரைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். ஒரே ஒரு சுற்று உங்களோடு போயிருக்கலாம் என்ற ஏக்கம் உண்ணும்போதும் இருக்கிறது, படுக்கும்போதும் இருக்கிறது. அந்த மூன்றாவது மலையை இனி யார் எனக்குக் காட்டுவார்கள்?

ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீரை விட்டு நீங்கள் எழும்பிய ஒவ்வொரு தடவையும் என் கனம் உங்கள் பக்கத்தில் இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு நீங்கள் மேலே போனது இந்த ஒரு தடவைதான்.