கால் முதலில், வாய் அப்புறம்

ஜனவரி 9

என் அருமை நொட்டைக்கு,

இருக்கேன்.

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே வரை கேட்கிறது. திட்டிக்கொள், தகும். உன் அம்மா காரியத்துக்கு வந்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேனே, அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. ஒரு தொழிற்சாலையின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். கோர்ட் என்று பெயருக்கு ஒன்று இருக்கிறது, லாரி நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. ஷிஃப்ட் முடிந்து சாயங்காலம் வருகிறார்கள். எல்லாரும் முப்பதை ஒட்டியவர்கள். ஓடச் சொன்னால் ஓடுகிறார்கள், குதிக்கச் சொன்னால் குதிக்கிறார்கள். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள், தாயே! ஒருத்தி முன்னால் பந்தை மறித்து நிற்கும்போது, பின்னால் இருப்பவள் "இருக்கேன்" என்று கத்த வேண்டும், முன்னால் இருப்பவள் "கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுத் தைரியமாகப் பந்து மேல் பாய வேண்டும் என்று தொண்டை கிழியச் சொல்லிவிட்டேன். ஊமைக் கோட்டான்கள் மாதிரி நிற்கிறார்கள்.

கல்லூரி அணியில் நம் மாஸ்டர் சொல்லச் சொல்ல நீ ஒரு கோடு போட்ட நோட்டில் எல்லாப் பயிற்சியையும் எழுதி வைத்தாயே, அது இருக்கிறதா? ஏப்ரலில் போட்டி. அனுப்பினால் உனக்குக் கோவில் கட்டுகிறேன்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி லீவில் எழுதும்போதெல்லாம் நான் "இருக்கேன்" என்று ஆரம்பிப்பேன், நீ "கேட்டுச்சு" என்று ஆரம்பிப்பாய். நான் இன்னும் விடவில்லை. நீ பதினோரு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை எழுதவே இல்லை.

உன்
ஒட்டடைக்குச்சி


ஜனவரி 20

அன்புள்ள ஒட்டடைக்கு,

கடிதம் வந்தது. நோட்டு இருக்கிறது. பரணில் அம்மாவின் பெட்டிக்கு அடியில் கிடந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் ஸ்டூலில் ஏற முடியாது, எதிர்வீட்டு அக்காதான் ஏறி எடுத்துக் கொடுத்தாள். அட்டையைக் கரப்பான் தின்றிருக்கிறது, எழுத்து அப்படியே இருக்கிறது. மொத்தமாக அனுப்பமாட்டேன். பிரதி எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறேன். இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

முதலில் பீச்சாங்கைப் பயிற்சி. எல்லாருடைய சோத்தாங்கையையும் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிவிடு. இடது கையால் மட்டும் பந்தைத் தட்டிக்கொண்டு கோர்ட்டின் நீளத்துக்குப் போய் வரவேண்டும். பந்தைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. நான் பிறவியிலேயே நொட்டாங்கை என்பதால் மாஸ்டர் எனக்கு மட்டும் இடது கையைக் கட்டினார், ஞாபகம் இருக்கிறதா? நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

என் வேலை அதேதான். டாக்டர்கள் ஒலிப்பதிவு செய்து அனுப்புகிற நோயாளிக் குறிப்புகளைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிப்பது. நிறுத்தவும் திருப்பவும் காலடியில் ஒரு மிதி இருக்கிறது. வலது கால் சரிப்படாது, இடது காலால் மிதிக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தடவை கேட்கிறேன். போன வாரம் மேற்பார்வையாளர் எல்லார் எதிரிலும், "ஏம்மா, காது மந்தமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டார். போய்ப் பரிசோதனையும் செய்துகொண்டேன். காதில் ஒரு குறையும் இல்லையாம். அந்தச் சீட்டை மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். ஆனாலும் மூன்று தடவைதான் கேட்கிறேன்.

போனில் பேசலாமே என்று முன்பு ஒரு தடவை கேட்டாய். வேண்டாம். எழுதினால் சொன்னாயா சொல்லவில்லையா என்று குழம்ப வேண்டாம்.

நொட்டை


பிப்ரவரி 2

என் அருமை நொட்டைக்கு,

இருக்கேன்.

உன் துப்பட்டா வைத்தியம் பிரமாதம். முதல் நாள் ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டே நேராக லாரியில் போய் முட்டினாள். அவள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள், இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூட எதிலும் இடித்ததில்லையாம். "கட்டிப்போட்டா எப்படி மேடம் ஓட்டறது?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். கால் வேகம் அப்படியே உன் வேகம். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது.

லேபிள் ஒட்டுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், என் உயரம், என் மாதிரியே ஒல்லி. அவளைப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். அவளுக்கு இப்போது வாய் திறந்துவிட்டது. திறந்தால் மூடுவதில்லை.

நீ பிறகு அனுப்பிய பிரதிகளில் பத்தாம் பக்கம் வரை இருந்தது, அடுத்தது பன்னிரண்டு. நாலு பேர் டிஃபன்ஸ் பயிற்சி பதினோராவது பக்கம்தானே? எனக்கு முக்கியமாக வேண்டியதே அதுதான். மறந்துவிட்டாயா?

உன்
ஒட்டடைக்குச்சி


பிப்ரவரி 13

அன்புள்ள ஒட்டடைக்கு,

மறக்கவில்லை. கை வரவில்லை. இதோ எழுதுகிறேன்.

பதினோராம் பக்கம். வெளியே நாலு பேர் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுக்க வேண்டும். உள்ளே நாலு பேர் மறிக்க வேண்டும். பந்து யாரிடம் போகிறதோ அவளை ஒருத்தி நெருங்க வேண்டும், அவளுக்குப் பின்னால் கூடைப் பக்கம் ஒருத்தி நகர்ந்து வந்து "இருக்கேன்" என்று கத்த வேண்டும். கீழே மாஸ்டர் சொன்ன வரி, நான் சிவப்பு மையில் எழுதியது: "வாய் முதல்ல போகணும், கால் பின்னாலயே வரணும்." அதை நான் இப்போது அடித்துவிட்டேன். உன் பெண்களுக்குக் கால் முதலில், வாய் அப்புறம் என்று சொல்லிக்கொடு. வந்து நின்ற பிறகு கத்தட்டும். அரை நொடி தாமதமானால் இரண்டு புள்ளி போகும், போகட்டும்.

ஏன் என்று உனக்குத் தெரியும். கல்லூரியில் நாம் ஆடிய அந்த இறுதி ஆட்டத்தில் எனக்குப் பின்னால் "இருக்கேன்" என்று கேட்டது. அதை நம்பித்தான் பாய்ந்தேன். எதிரணிக்காரி என்னைத் தாண்டிப் போனாள், பின்னால் ஈ காக்காய் இல்லை. துரத்துவதற்குக் காலை ஊன்றித் திரும்பினேன். நான் திரும்பினேன், முழங்கால் திரும்பவில்லை. ஜவ்வு கிழிந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. உடை மாற்றும் அறையில் மாஸ்டர் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். யாரும் கத்தவில்லை என்றீர்கள். ஆஸ்பத்திரியில் உன்னிடம் தனியாகக் கேட்டேன். "கூட்டத்துல ஏதோ கேட்டிருக்கும்டி, விடு" என்றாய்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் அவசரக்குடுக்கை என்றே பெயர். பால் பொங்கினாலும் அவசரக்குடுக்கை, பஸ் தவறினாலும் அவசரக்குடுக்கை. அம்மா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோதுகூட என் காலைத் தடவிக்கொண்டு, "யாரும் கூப்பிடாம நீயா ஏன்டி போய் விழுந்த?" என்று கேட்டாள்.

கால் போனதைப் பற்றி நான் யாரையும் கேட்கவில்லை. என் காது சரியாகத்தான் கேட்டதா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். மேஜையில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த ஒரு தடவை கேட்கிறேன், இனி கேட்கமாட்டேன். அன்றைக்கு நீ கத்தினாயா?

நொட்டை


பிப்ரவரி 21

என் அருமை நொட்டைக்கு,

இருக்கேன்.

பதினோராம் பக்கம் வந்தது. ரொம்ப நன்றி.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது? நான் கத்தவில்லைடி. கத்தியிருந்தால் சொல்லியிருக்கமாட்டேனா? அவ்வளவு கூட்டம், விசில், மேளம் மாதிரி தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பழையதைக் கிளறி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அம்மா பாவம், ஏதோ ஆதங்கத்தில் சொல்லியிருப்பாள். அடுத்த மாதம் இங்கே வந்து ஒரு வாரம் இரு. பெண்களுக்கு உன் கையாலேயே சொல்லிக்கொடு.

உன்
ஒட்டடைக்குச்சி

பின்குறிப்பு: நீ மாற்றிய வரியை அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. போட்டி கிட்டே வந்துவிட்டது, இப்போது குழப்ப வேண்டாம் என்று மாஸ்டர் சொன்னபடியே விட்டுவிட்டேன்.


மார்ச் 17

நொட்டை,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடவேண்டாம், இதை மட்டும் படித்துவிடு.

நேற்றுச் சாயங்காலம் அந்த நாலு பேர் பயிற்சி. ஃபோர்க்லிஃப்ட் பெண் பந்தை மறித்து நின்றாள். பின்னால் "இருக்கேன்" என்று சத்தம். அவள் "கேட்டுச்சு" என்று பாய்ந்தாள். பின்னால் யாரும் இல்லை. எண்ணெய்க் கறையில் கால் வழுக்கி, கையைக் கீழே ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு போய்விட்டது. ஆறு வாரம் கட்டு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியாது.

நான் விசிலை வாயிலிருந்து எடுக்கக்கூட இல்லை. அந்த லேபிள்காரி எதிர் மூலையிலிருந்து ஓடி வந்தாள். "நான்தான் மேடம் கத்துனேன். நான் அங்க வரல. வாய்தான் வந்துச்சு" என்று எல்லார் எதிரிலும் சொன்னாள். சொல்லிவிட்டு விழுந்தவளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். விழுந்தவள் வலியில் முனகிக்கொண்டே, "சரி விடுடி, நீ கத்துனது நிஜந்தானே, நான் ஒண்ணும் லூசு இல்லையே" என்று சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான்தான் கத்தினேன், நொட்டை.

அந்தக் கடைசி நிமிஷத்தில் கூடைக்கு அந்தப் பக்கம் முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பந்து உன் பக்கம் வந்தது. வாய் தானாகக் கத்திவிட்டது, கால் நகரவில்லை. ஆயிரம் தடவை கத்தி ஊறிப்போன வாய். அதுவரைக்கும் அது தப்பு, அவ்வளவுதான். அறையில் மாஸ்டர் கேட்டபோது அந்த வாரம் மாநில அணித் தேர்வு என்பது ஞாபகம் வந்தது. இல்லை என்றேன். அது பாவம். ஆஸ்பத்திரியில் மறுபடி இல்லை என்றேன். மாநிலத்துக்கு நாலு வருஷம் ஆடினேன். அம்மா காரியத்தன்று உன் அண்ணன் வாசலில் யாரிடமோ, "அவசரக்குடுக்கை, அன்னைக்கே கால ஒடிச்சிக்கிட்டா" என்று உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அதனால்தான் பத்து நிமிஷத்தில் ஓடினேன். பஸ் மூன்று மணி நேரம் கழித்துத்தான் இருந்தது.

போன மாதம் நீ நேராகக் கேட்டாய். அப்போதும் எழுத்தில் பொய் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னைத் திட்டு, அடிக்க வேண்டுமானால் வந்து அடி. ஏதாவது ஒன்று எழுது.

ஒட்டடை


ஏப்ரல் 6

நொட்டை,

போட்டி நேற்று முடிந்தது. முதல் சுற்றிலேயே தோற்றோம். உன் வரியை இப்போது சொல்லிக்கொடுத்திருக்கிறேன். லேபிள்காரி வந்து நின்ற பிறகுதான் கத்தினாள். ஒவ்வொரு தடவையும் அரை நொடி தாமதம். எதிரணி அடித்துத் துவைத்துவிட்டது. யாரும் விழவில்லை.

என் கடிதம் கிடைத்ததா என்று மட்டும் சொல்.

ஒட்டடை


ஏப்ரல் 19

ஒட்டடைக்கு,

உன் பிப்ரவரிக் கடிதத்தையும் மார்ச் கடிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாதம் பார்த்தேன். இரண்டும் ஒரே கையெழுத்து. "கத்தியிருந்தால் சொல்லியிருக்கமாட்டேனா" என்ற வரியில் எழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. மார்ச்சில்தான் நடுங்கியிருக்கிறது.

கத்தியதற்கு எனக்கு உன் மேல் கோபம் இல்லை. உன் இடத்தில் நான் நின்றிருந்தாலும் என் வாயும் கத்தியிருக்கும், மாஸ்டர் அப்படித்தான் நம்மைப் பழக்கினார். அறையில் மறைத்ததைக்கூட, இருபது வயசு, பயம் என்று விட்டுவிடுவேன். என் அம்மா கேட்டபோது நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேனே, அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. எங்கே தேடியும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் இதை எழுதியிருந்தால் நான் அவள் காதில் படித்துக் காட்டியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டில் இருந்த அறையில் உட்கார்ந்து உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். வெறும் அறை.

அண்ணனுக்குப் பிரதி எடுத்து அனுப்பிவிட்டேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்று போன் பண்ணினான். என்னைத்தான் சொன்னான் போலிருக்கிறது. சிரித்துவிட்டேன், என்ன செய்வது.

வேலையில் இப்போது ஒரு தடவைதான் கேட்கிறேன். நேற்று ஒரு டாக்டர் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசியிருந்தார், அதையும் ஒரே தடவையில் அடித்து முடித்தேன். பிழை இல்லை. மேற்பார்வையாளர் இரண்டு முறை சரிபார்த்தார். டிராயரில் இருந்த சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

நோட்டை முழுசாக இத்துடன் அனுப்புகிறேன். உனக்கு இல்லை, அந்த லேபிள் ஒட்டுகிற பெண்ணுக்கு. அவளை அணியிலிருந்து எடுத்துவிடாதே. விழுந்தவளும் அவளும் பேசிக்கொள்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, ஆனால் எழுதாதே. இனிமேல் எதுவும் எழுதாதே, ஒட்டடை. வந்தால் பிரிக்கமாட்டேன். உன் மேல் எனக்கு இருந்த பிரியம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

நீ ஜனவரிக் கடிதத்தில் குறைப்பட்டாயே, அந்த வார்த்தையை நான் எழுதாததற்குக் காரணம் இதுதான்: கேட்டதா இல்லையா என்று எனக்கே தெரியாமல் எப்படி எழுதுவது? இப்போது தெரியும். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

கேட்டுச்சு.