வலது கால் செருப்பு

இன்று காலை சாரத்தில் உள்ள உங்கள் வீட்டிலிருந்து உன் மகள் வந்தாள். மஞ்சள் பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்து நீட்டினாள். வலது கால் செருப்பு. மண்ணே படாதது, ரப்பர் வாடைகூட இன்னும் போகவில்லை. "அலமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சு மாமா. தூக்கிப் போட மனசு வரல," என்றாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மில் கேட் டீக்கடையில் ஆரம்பித்த சண்டை நம்முடையது. வேதாகமத்தில் எழுதியிருந்தால் எழுதியபடியே நடக்கும் என்பாய் நீ. சிலதைச் சாடையாகச் சொல்லியிருக்கிறது என்பேன் நான். "எது சாடை, எது நெசம்னு சொல்றதுக்கு நீ யாருடா?" என்பாய்.

சர்க்கரை முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நீ உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. "எடுத்த காலை இன்னா பண்ணுவீங்க?" என்றாய். எரித்துவிடுவோம் என்றதும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாய். கடைசி நாளில் உடம்போடு எழ வேண்டும், அதனால் காலை, செத்துப்போன உன் மனைவி ரோசியின் கல்லறையில் புதைக்க வேண்டுமாம். உன் மகள் அழுதாள்.

எனக்கு வந்ததே கோபம்! "பாவம் பண்ண வைக்கிற காலை வெட்டிப் போடச் சொல்லியும் எழுதியிருக்குடா. கடலோட போன மீனவனெல்லாம் எப்படி எழுந்திருப்பான், சொல்லு!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அதெல்லாம் எனக்குத் தெரியாதுடா. ரோசி எழுந்து விறுவிறுன்னு நடந்துடுவா. நான் நொண்டிக்கிட்டே பின்னால போவணுமா?"

எழுந்த பிறகு புருஷன் பெண்டாட்டி என்ற உறவே கிடையாது என்றும் அதே வேதத்தில் இருக்கிறது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன். காலை நானே கல்லறையில் சேர்க்கிறேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாய். ஆட்டோவில் கால் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பங்குச் சாமியார் ஒன்றும் கேட்காமல் தீர்த்தம் தெளித்தார். அதன்பிறகும் செருப்பை ஜோடியாகத்தான் வாங்கினாய். வலது காலுடையதைப் பத்திரப்படுத்தினாய்.

உன்னையும் அதே குழியில் இறக்கிய அன்று, வழக்கப்படி குழி வெட்டுகிறவர் ரோசியின் எலும்புகளைத் துணியில் கட்டி ஓரமாக வைத்தார். உன் கால் இருந்த பெட்டியையும் அங்கேயே தள்ளப் போனார். "ஐயோ, அது இவனுது. வலது பக்கம் வைப்பா," என்று கத்தியது யார் தெரியுமா? சாடை சாடை என்று ஆயுள் முழுக்கச் சொன்ன நான்தான்.

செருப்போடு புதைக்கச் சொல்லியிருந்தாய்; இடது கால் செருப்போடு மட்டும்தான் உன்னைப் படுக்க வைத்தோம். அதன் ஜோடி அன்று தேடியும் அகப்படவில்லை. கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு கொண்டுபோய் வைக்கலாமா என்று உன் மகள் கேட்டாள். நாய் தூக்கிப் போய்விடும், என்னிடமே இருக்கட்டும் என்றேன்.

வாதாட இனி எனக்குத் தெம்பில்லை. நீ சொன்னபடியே நடந்தால், எழுந்ததும் ரோசியைக் கொஞ்சம் நிற்கச் சொல். செருப்பை எடுத்துக்கொண்டு வருகிறேன்.