புஸ்ஸுவின் தாடையில் சிவப்பு

சிவகாசி

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், மூன்றாவது ஆள் பாதி நலம். அந்தக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் பொய் சொல்வாய். இதைப் போனில் சொல்ல முடியாது, ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். உன்னோடு படித்த மணிகண்டராஜ் கனடா கிளம்புகிறான் என்றதும், அவனிடம் கொடுத்துவிடுகிற சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்துக்கு அடியில் இதை வைக்கிறேன்.

விஷயம் உன் பூனை புஸ்ஸு. பதறாதே, உயிரோடுதான் இருக்கிறது, இந்தத் தாளின் மேலேயே படுத்துக்கொண்டு எழுதவிடாமல் பண்ணுகிறது. கொஞ்ச நாளாகத் தாடையில் சிவப்போடு திரிந்தது. கீழே பிரஸ், மேலே வீடு என்று இருக்கிற நம் குடும்பத்தில் சிவப்பைப் பார்த்தால் யாருக்கு ரத்தம் ஞாபகம் வரும்? வெடி லேபிள் அடிக்கிற சிவப்பு மைதான் அப்பா பனியன்வரை இருக்கிறதே. லேபிள் கட்டுல படுத்துருக்கும், வேறென்னத்த என்றார் அப்பா. நானும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்துவிட்டேன். எதிர்வீட்டுப் பொன்மணி, எக்கா உங்க பூன வெத்தல போடுதா என்று கேட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள், நானும்தான் சிரித்தேன். கொட்டாவி விட்டால் கத்தியது, மீனைக் கவ்வியதும் போட்டுவிட்டு ஓடியது, வாய் நாறியது. வயதானால் அப்படித்தான் என்று என்னையும் சேர்த்துச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் பிரஸ்ஸில் பச்சை லேபிள் ஆர்டர் மட்டும் ஓட ஆரம்பித்தது. உடம்பெல்லாம் பச்சையாக வந்து நின்ற புஸ்ஸுவுக்குத் தாடையில் மட்டும் சிவப்பு. அப்பாதான் முதலில் பார்த்தார். உடனே சட்டையை மாட்டினார்.

இங்கே இருக்கிற டாக்டர் ஆடுமாடு பார்க்கிறவர், மதுரைக்குப் போகச் சொன்னார். மதுரை டாக்டரம்மா உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஈறு விருதுநகர் மிளகாய் வத்தல் நிறத்தில் இருந்தது. பல்லைச் சுற்றிக் காரை கட்டி, ஈறு புண்ணாகி, அதில்தான் ரத்தம் கசிந்திருக்கிறது. கடைவாய்ப் பற்களை எடுத்தால்தான் வலி நிற்கும், ஆனால் வயதான பூனை, மயக்க ஊசியில் எழுந்திருக்காமலும் போகலாம் என்றார். வீட்டில் பூனைக்குப் பல் விளக்கிவிடுவீர்களா என்று வேறு கேட்டார். நானே ரெண்டு இழுப்பு இழுத்துட்டு ஓடுற ஆளும்மா என்று அப்பா தலையைச் சொறிந்தார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றவரும் அவர்தான், புள்ள அங்கன ஒத்தையில கெடந்து அழும் என்றார். ரத்தப் பரிசோதனை நன்றாக வந்ததும் துணிந்து சம்மதித்தோம். சீசன் நேரம், லேபிள் கேட்டுக் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டபடி இருந்தார்கள், அப்பா எந்தப் போனையும் எடுக்காமல் ஆபரேஷன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழைத்து வந்துவிட்டது. வந்த பிறகும் சாப்பிடவில்லை. அப்பா சங்கரா மீனை முள்ளெடுத்துக் கூழாக்கி விரலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், எனக்கு ஒருநாள்கூட அப்படிக் காத்திருந்ததில்லை. ஒருவழியாக நக்கியது. இப்போது கிண்ணத்தில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, விரல்தான் வேண்டுமாம்.

மருந்தும் மீனும் மெஷின் சத்தமுமாக எனக்கு உடம்பு ஓய்ந்துவிட்டது. அப்பாடா என்று உட்காரப்போனால், நாலைந்து நாளாகக் காலையில் வாஷ்பேசினில் சிவப்பு. புஸ்ஸு அங்கே வாய் கொப்பளிப்பதில்லை. அப்பாவைக் கேட்டால், கை கழுவுனேன், பிரஸ் மை என்கிறார். பிரஸ்ஸில் இன்னும் பச்சைதான் ஓடுகிறது, கண்ணு.

நான் சொன்னால் சீசன் முடியட்டும் என்பார். நீ வீடியோவில் வந்ததும் ஈ காட்டுங்கப்பா என்று சொல், பல் டாக்டரிடம் போகிற தேதியை உன்னிடம் சொல்லாமல் போனை வைக்கவிடாதே. யார் சொன்னது என்று கேட்டால் பூனையைக் கைகாட்டு. நீயும் ராத்திரி பல் விளக்கிவிட்டுப் படு. மாரியம்மன் உன்னை நோய்நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும்.

இதுவரை எல்லாப் பல்லோடும் இருக்கிற
உன் அம்மா
சுப்புத்தாய்