அம்மா இப்போது வாக்கிங் போவதில்லை

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூரு,
நவம்பர் 18.

அன்பு மகள் ஆஞ்சலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். லீட்ஸில் நீயும் மாப்பிள்ளை அலெக்சாண்டரும் ஆண்டவர் துணையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதிப் பழகிய கைதான், ஆனால் இந்த முறை அந்த வரி வரவில்லை. பயந்துவிடாதே. யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை, அம்மா சமையலறையில் இருக்கிறாள், தம்பி கிளிஃபர்ட் வழக்கம்போல் கம்பெனி பஸ் பிடித்து பொம்மசந்திரா போய்விட்டான். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அந்தச் சின்னத் திரையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் எத்தனையோ வருடம் கழித்துப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, ஆனா நீங்க நல்லவரா தெரியற மாதிரி எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். முயற்சி செய்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் அம்மாவுக்குக் கை முறிந்தது உனக்குத் தெரியும். காலையில் வாக்கிங் போன இடத்தில் சாக்கடை மேல் போட்ட கல் ஆடியதால் இடறி விழுந்துவிட்டாள் என்று உனக்குச் சொன்னோம். என்னிடமும் அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். முதல் நாள் மாவுக்கட்டைப் பார்த்ததுமே எனக்குக் கோபம் தலைக்கேறியது, ஆனால் அந்தக் கோபமெல்லாம் கல்லின் மேல். உன் அப்பா மனு எழுதுவதில் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியுமே. முப்பத்திரண்டு வருடம் ஃபேக்டரியில் டிராயிங் போட்டவன், டேப்பை எடுத்துக்கொண்டு போய் உடைந்த கல்லின் நீளம், அகலம், எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது எல்லாம் அளந்து, படம் வரைந்து, போட்டோ வைத்து வார்டு ஆபீசில் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடி கொடுத்தேன். நான்காவது முறை போனபோது அந்த என்ஜினியர் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். அக்டோபர் முதல் வாரத்தில் புதுக் கல் போட்டார்கள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திக் காட்டினேன். கழுத்தில் கட்டித் தொங்கிய கையோடு பார்த்தாள். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

மாவுக்கட்டு பிரித்ததும், இனி கிளம்ப வேண்டியதுதானே என்று தினமும் கேட்க ஆரம்பித்தேன். டாக்டர் ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து நிமிஷம் நடக்கச் சொன்னதுதானே. ஒரு நாள் முழங்கால் வலி என்றாள், ஒரு நாள் பனி என்றாள், ஒரு நாள் பூசைக்குப் போக வேண்டும் என்றாள். வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன் என்று ஹாலில் சாப்பாட்டு மேஜைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருப்பாள், பதினோரு எட்டு இந்தப் பக்கம், பதினோரு எட்டு அந்தப் பக்கம். டிவியை மறைக்கிறாய் என்று நான் சத்தம் போட்டிருக்கிறேன். அந்த மாதம் சுகர் டெஸ்டில் அளவு ஒரேயடியாக ஏறிவிட்டது. டாக்டர் ஏன் என்று கேட்டபோது அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "சோம்பேறித்தனம் டாக்டர், வேற ஒண்ணும் இல்ல, ரோடு கூட நான் சரி பண்ணி வச்சிட்டேன்" என்றேன். டாக்டரும் சிரித்தார். அம்மா மடியில் இருந்த தன் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அதற்கு மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு வரும்போது நம் தெருவைப் பெருக்குகிற சந்திரம்மா என்னை நிறுத்தினாள். உனக்கு அவளைத் தெரியாது, நீ போன பிறகு வந்தவள், மர்பி டவுனிலிருந்து விடிவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிடுவாள். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவாள். "சார், கல்லு போடவெச்சிட்டீங்க, ரொம்ப ஒள்ளேது, நல்லது. அம்மாவ்ரு ஏன் வர்றதே இல்ல? அந்த பைக்குல வந்தவனுங்கள நெனச்சா?" என்று கேட்டாள். எந்த பைக் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ, அம்மா சொல்லலியா, அப்போ நான் ஒண்ணும் சொல்லல சார்" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். கெஞ்சிக் கேட்டேன். இரண்டு பேர் பின்னாலிருந்து பைக்கில் வந்தார்கள், பின்னால் உட்கார்ந்திருந்தவன் அம்மாவின் மார்பில் கை வைத்துப் பிடித்து இழுத்துவிட்டான், அம்மா நிலை தடுமாறிக் கல்லின் மேல் விழுந்தாள், அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான். சந்திரம்மாதான் ஓடிப்போய்த் தூக்கி, தன் துப்பட்டாவைக் கிழித்துக் கையைக் கட்டி, நம் வீட்டு கேட் வரை கூட்டி வந்திருக்கிறாள். இவ்வளவையும் நான் கையில் பால் பாக்கெட்டோடு நின்று கேட்டேன்.

இனி எழுதப் போவதுதான் கஷ்டம். வீட்டுக்கு வந்தேன். அம்மா, குளிக்கப் போயிருந்த கிளிஃபர்டுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தாள். சந்திரம்மா சொன்னாள் என்றேன். அவள் கை அப்படியே நின்றது. வலித்ததா என்று நான் கேட்கவில்லை ஆஞ்சி, அழுதாயா என்று கேட்கவில்லை, பக்கத்தில் போய் நிற்கக்கூட இல்லை. என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "உன்ன யாரு அந்த நேரத்துல போகச் சொன்னது?" என்பதுதான். சொன்னது சொன்னதுதான், அதை எப்படித் திரும்ப எடுப்பது. அம்மா டப்பாவை மூடினாள். "இதுக்குத்தான் சொல்லல" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அஞ்சரைக்குப் போனாத்தான் ஆறேகாலுக்கு வர முடியும். அப்பத்தான் உங்க காபி, இவன் டிபன், எல்லாம் நேரத்துக்கு ஆகும். பத்து மணிக்குப் பார்க்கை மூடிடறான். சாயங்காலம் போனா பெஞ்செல்லாம் ஆம்பளைங்க, ஒவ்வொரு ரவுண்டுக்கும் பாட்டு பாடுவானுங்க. வேற எந்த நேரம் எனக்குக் குடுத்து வச்சிருக்கீங்க, சொல்லுங்க" என்றாள். அப்புறம்தான் அவள் உட்கார்ந்தாள், உட்கார்ந்த பிறகு அழுதாள். "அம்பத்தொம்பது வயசு, இந்த வயசுலயுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். என்னிடம் கேட்டாளா, மாதாவிடம் கேட்டாளா, தெரியவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம், இருவருமே சாப்பிடவில்லை. அப்போதுதான் அவள் உன்னைப் பற்றிச் சொன்னாள். நீ பத்தாவது முடித்த வருடம், எண்ணூறு மீட்டர் ஓட்டத்துக்காக விடியற்காலையில் கிரவுண்டுக்குப் போய்க்கொண்டிருந்தாயே, ரயில்வே காம்பவுண்டு சுவர் ஓரமாக. அந்த வழியில் ஒருவன் ஒரு மாதமாக உன் பின்னாலேயே வந்தது, ஒரு நாள் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தியது, உன் டிரவுசரைப் பற்றி அவன் பேசியது, கடைசி நாள் நீ சுவரில் முழங்கையெல்லாம் உரசிக்கொண்டு ஓடி வந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். நீ என்னிடம் சொல்லத்தான் வந்தாயாம். அம்மாதான் தடுத்திருக்கிறாள். "அப்பாகிட்ட சொன்னா ஓட்டம் மட்டும் நிக்காது, காலேஜும் நிக்கும், நீ எத வச்சுக்கற, முடிவு பண்ணுன்னு அவகிட்ட நான்தான் கேட்டேன்" என்றாள். பதினாறு வயதுப் பிள்ளை நீ, படிப்பை வைத்துக்கொண்டாய். என்னிடம் வந்து, "ஓடறது படிப்புக்கு இடைஞ்சலா இருக்குப்பா, நான் நிறுத்திக்கறேன்" என்றாய். நான் என்ன செய்தேன் என்று நினைவிருக்கிறதா? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோளைத் தட்டிக் கொடுத்தேன். கோவிலில் பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் என் மகளுக்கு எவ்வளவு பொறுப்பு பார்த்தீர்களா என்று சொல்லித் திரிந்தேன். அந்த டிசம்பரில் ஏழைகளுக்குத் துணி சேர்த்தபோது நீ ஓடப் போடுகிற ஸ்பைக்ஸ் ஷூவை நானே துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

பதினெட்டு வருடம் இந்த வீட்டில் இரண்டு பேர் இதை என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறீர்கள். முதலில் எனக்கு அது கோபமாகத்தான் வந்தது. நான் குடிப்பவன் இல்லை, கை நீட்டியவன் இல்லை, என்னிடம் ஏன் பயப்பட வேண்டும் என்று ஒரு முழு நாள் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மாவுக்கு நடந்தது தெரிந்ததும் என் வாயிலிருந்து வந்தது என்ன என்பதை நானே கேட்டேன் அல்லவா. அன்றைக்கு நீ சொல்லியிருந்தால் உன்னையும் அதையேதான் கேட்டிருப்பேன். காலேஜையும் நிறுத்தியிருப்பேன். அம்மா என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்று மனு தயார் செய்தேன். மனு எழுதினால் எல்லாம் சரியாகும் என்ற புத்தி இன்னும் போகவில்லை பார். "என் மனைவியிடம் தவறாக நடந்துகொண்டனர்" என்று எழுதியிருந்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, அவன் என்ன செய்தான் என்பதை அப்படியே, எந்தக் கை, எந்த இடம் என்று எழுதினாள். "உங்களுக்கு வெக்கமா இருந்தா நீங்க படிக்காதீங்க" என்றாள். பிறகு அதை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டாள். கொடுப்பதா வேண்டாமா என்பதை அவள்தான் சொல்வாளாம். இன்னும் சொல்லவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. கிளிஃபர்டிடம் அவளே சொன்னாள். அவன் அந்தத் தெருவில் எந்த வீட்டில் கேமரா இருக்கிறது என்று கேட்டு அலைந்தான். இரண்டு மாதத்துக்கு முந்தியது இருக்காது என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். இப்போது காலையில் அவனே இட்லி ஊற்றுகிறான், பாதி ஒட்டிக்கொள்கிறது, அப்படியே தின்றுவிட்டுப் போகிறான்.

போன வாரம் ஒரு நாள் நானும் கூட வருகிறேன் என்று சொல்லி, ஆறரைக்கு, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு இருவரும் கிளம்பினோம். முப்பது வருடமாக நான் நடக்கிற தெருதான். அவள் பின்னால் நடந்தபோதுதான் அது வேறு தெருவாக இருந்தது. பத்தடிக்கு ஒரு தரம் நடைபாதையில் ஒரு கார், ஒரு ஜல்லிக் குவியல், ஒரு டிரான்ஸ்பார்மர், உடனே ரோட்டில் இறங்க வேண்டும். நான் யோசிக்காமல் இறங்கி ஏறுவேன். அவள் ஒவ்வொரு முறையும் நின்று, பின்னால் பார்த்து, காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு இறங்கினாள். முன்னே யாராவது ஆம்பளை வந்தால் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். கையை வீசி நடக்கச் சொன்னார் டாக்டர், இவள் பழைய ஹேண்ட்பேக் ஒன்றை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். காலி பைதான், உள்ளே ஒன்றும் இல்லை. மூலை திரும்பும் முன் பின்னால் ஒரு பைக் சத்தம் கேட்டது. பேப்பர் போடுகிறவன், பாவம், அவன் பாட்டுக்குப் போனான். அம்மா பக்கத்து வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள், உதடு வெளுத்துப் போயிருந்தது. "வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள். திரும்பி வந்துவிட்டோம். அதன் பிறகு கிளம்பவில்லை. நான் கேட்பதும் இல்லை. காலையில் ஹாலில் அவள் நடக்கும்போது நாற்காலிகளை ஓரமாக நகர்த்திப் போடுகிறேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது, அறுபத்து நான்கு வயதில்.

ஆஞ்சி, மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், அது ஏதோ லீவ் லெட்டர் போல இருந்தது, கிழித்துவிட்டேன். நீ ஓடினால் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது, கடைசி வளைவில் தலையைச் சற்று வலப்பக்கம் சாய்த்துக்கொண்டு வருவாய். அதை நான்தான் நிறுத்தினேன், எனக்கே தெரியாமல். இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. கோபப்பட வேண்டும் என்றால் படு, அம்மாவின் மேல் மட்டும் வேண்டாம், அவள் அதற்காக நிறைய அழுதுவிட்டாள்.

கடுங்குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாய், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இயேசுவும் மாதாவும் உன் போக்கிலும் வரத்திலும் உன் கூடவே நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போதெல்லாம் முதல் கேள்வியாக, வாக்கிங் போனீங்களாம்மா என்று கேட்கிறாய். போனேன் என்று அவள் சொல்கிறாள், சொல்லிவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசுவதில்லை. இனி அதைக் கேட்காதே மகளே, வேறு எதையாவது கேள்.

உன் அப்பா,
ஓஸ்வால்ட்