துணி சுற்றிய குறடு

சின்னம்மா,

எழுதுகிறேன் என்று கோபிக்காதீர்கள். நீங்கள் இருந்தபோது ஃபோனில் நாலு வரி நீளமாக எழுதினாலே, "இதை ஆர் வாசிக்கிறது, எடுத்துக் கதை பிள்ளை" என்பீர்கள். எடுத்துக் கதைப்பதுதான் எனக்கு வராதது. இப்போது எடுக்கவும் இலக்கம் இல்லை. அதனால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வலக்கைச் சட்டையில் பெற்றோல் மணக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. உங்கள் வாடகை வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் இன்று சாமான்களை ஒதுக்கினோம். அம்மா மேலே பாத்திரங்களைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் நிலவறைக்குப் போனேன். தட்டுக்குப் பின்னால் அந்தச் சிவப்பு பிளாஸ்ரிக் பெற்றோல் கான் இருந்தது. பாவிக்கும் காலம் முடிந்துவிட்டதென்று வேலையிடத்தில் எறியப் போனதை, தோட்டத்துக்கு ஆகும் என்று நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்களே, அதேதான். தூக்கிப் பார்த்தேன். உள்ளே கொஞ்சம் குலுங்கியது.

திறந்து பார்க்க நினைத்தேன். மூடியை உள்ளங்கையால் அமத்தித் திருப்பினேன். டிக், டிக், டிக் என்று சும்மா சுற்றியது. இன்னும் பலமாக அமத்தினேன். அதே டிக், டிக். கானை முழங்கால்களுக்கிடையில் இறுக்கி, உடம்புப் பாரத்தை முழுக்க மூடியில் போட்டபோது ஒரேயடியாகக் கழன்று சட்டையில் தெறித்தது. எனக்கு நோயில்லாத கை, சின்னம்மா. இளவயது. எனக்கே இந்தப் பாடு.

அப்போதுதான் தட்டில் குறட்டைக் கண்டேன். தண்ணீர்க் குழாய் கழற்றும் பெரிய குறடு. அதன் இரண்டு பல்லிலும் பழைய சேலைக் கரையைக் கிழித்து இறுக்கிச் சுற்றி, நூலால் தைத்திருந்தீர்கள். குறடு எதற்கென்று பார்த்தவுடன் விளங்கியது. துணி எதற்கென்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மூடியில் பல் அடையாளம் விழக்கூடாது. விழுந்தால் யாரோ பார்த்து, இது ஏன் என்று கேட்பார்கள்.

அந்த நிலவறைப் படியிலேயே இருந்துவிட்டேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

நீங்கள் ஹம் நகரத்தில் அடுக்குமாடி வீடுகளின் புல்வெளி வெட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஒரு பிறந்தநாள் விழாவில் பெரியமாமா சோற்றுக் கோப்பையோடு நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஷோனெஃபெல்ட் எயர்போட்டிலை வந்து இறங்கினது புல்லு வெட்டவோ?"

"ஓம் அண்ணை. ஊரிலை மாடு மேஞ்சுது. இங்கை மாடு இல்லை, அதுதான் நான்."

"பொம்பிளையளுக்கு மெசின் வேலை சரிவராது. பார், கொஞ்ச நாளிலை கை விட்டிடும்."

"உங்கட கைக்கு ரீவி ரிமோட்டே பாரம். நீங்கள் என்ர கையைப் பற்றிக் கதைக்காதேங்கோ."

மாமியே வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அன்று உங்களைப் போல ஒரு வாய் வேண்டும் என்று இருந்தது. பிறகு உங்கள் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியபோது, அந்தச் சிரிப்பே உங்களுக்குப் பூட்டாகிவிட்டது. அந்தக் கை விட்டுவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

ஆரம்பத்தில் கை பிரச்சினையாக இருக்கவில்லை. அப்போது கம்பனியில் இருந்தது இரும்புக் கான். மேலே ஒரு நெம்புபிடி. உள்ளங்கையின் அடியால் ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும், இன்னொரு தட்டில் பூட்டும். விரலுக்கு வேலையே இல்லை. பள்ளி விடுமுறையில் உங்களோடு வந்து வேலிக்கரையில் புத்தகத்தோடு இருப்பேன். அந்த டக் என்ற சத்தம் கேட்டால் மெசினுக்குப் பசி என்று அர்த்தம்.

பிறகு பாதுகாப்பானது என்று சொல்லிப் புதிய கான்களை இறக்கினார்கள். அமத்தித் திருப்பும் மூடி. அதோடு சுருள்வில் வைத்த நீண்ட மூக்கு. நிறைந்த கானைக் கவிழ்த்துப் பிடித்து, அந்த மூக்கை மெசினின் வாயில் வைத்து, கானின் பாரத்தாலேயே அழுத்தினால்தான் பெற்றோல் இறங்கும். அழுத்தம் குறைந்தால் நின்றுவிடும். சிந்தாது என்று சொன்னார்கள். நிமிர்த்தும்போது மூக்கில் நின்றதெல்லாம் சப்பாத்தில் துப்பும். எவ்வளவு போயிற்று என்று பார்க்கவும் ஏலாது. நீங்கள் புல்லில் முழங்காலிட்டு, அந்தக் கானைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். நான் உதவிக்கு எழும்ப, "இரு, நீ படி" என்றீர்கள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது எங்களுக்கு முன்னால் இருந்த பெண் மூக்கைச் சுளித்து எழுந்து போனாள். "பிள்ளை, எங்களுக்கு ஒரு சீற் கூடக் கிடைச்சிட்டுது" என்று பையை அதில் வைத்தீர்கள்.

மூடியை அடையாளம் விழாமல் திறக்கக் குறடு இருந்தது. ஆனால் எல்லோரும் பார்க்கும் இடத்தில் குறட்டை எப்படி எடுப்பது? அதனால் காலையில் மற்றவர்கள் வருமுன்னமே கம்பனியில் கழற்றிவிட்டு, மூடியை இறுக்காமல் சும்மா மேலே வைத்திருந்தீர்கள். ஒரு நாள் கம்பனி வான் வளைவில் திரும்ப, கான் சரிந்து பெற்றோல் எல்லாம் தளத்தில் ஓடியது. பொறுப்பாளர் கோபத்தில் கத்தினார். ஏன் மூடவில்லை என்று கேட்டார். நீங்கள் சொன்ன பதில் ஒரே சொல்: மறந்துவிட்டேன்.

மறக்கவில்லையே, சின்னம்மா! எதையும் மறக்காத ஆள் நீங்கள். கை ஏலாது என்பதைவிடக் கவனமில்லாதவள் என்ற பெயர் பரவாயில்லை என்று நினைத்தீர்கள். அவர்களும் உங்களிடமிருந்து மெசினைப் பறித்து வைத்துவிட்டு, படிக்கட்டுக் கூட்ட விட்டார்கள். வெயிலில், காற்றில், பச்சைப் புல் மணத்தில் நிற்கத்தான் அந்த வேலைக்குப் போனவர் நீங்கள்.

அந்த வருஷம் ஹம்மின் ஓரத்தில் உள்ள ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்குப் போனோம். கால்வாய்க் கரை முழுக்கச் சனம். அர்ச்சனைத் தட்டை விரலால் பிடிக்க ஏலாமல் முன்னங்கையில் ஏந்தி நின்றீர்கள். நான் வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் கை, மூடி, வானில் ஓடிய பெற்றோல் எல்லாவற்றையும் சொன்னீர்கள்.

"அம்மாட்டைச் சொல்லட்டோ?"

"விசரி! உன்ர அம்மாட்டைச் சொன்னால் தேர் இருப்பிடத்துக்கு வர முந்தி முழு ஹம்முக்கும் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அம்பாளுக்கு முன்னாலை சத்தியம் பண்ணு."

கையை நீட்டினீர்கள். நான் உங்கள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மெதுவாகத்தான் அடித்தேன். அதற்கே முகம் சுருங்கியது. உடனே சிரித்து, "அந்த மூடி பிள்ளையள் திறக்கக்கூடாதெண்டு செய்ததாம். என்ர கையையும் பிள்ளையெண்டு நினைச்சிட்டுது" என்றீர்கள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் எனக்குக் கிடைத்ததும், பட்டத்துக்குப் பிறகு கிடைத்த வேலை எதுவென்பதும் உங்களுக்குத் தெரியும். மூடிகளைச் சோதிக்கும் இடம். "மூடி திறக்கவோ இவ்வளவு படிச்சவள்?" என்று கேட்ட பெரியமாமாவை, "உங்களுக்குத் திறக்கத் தெரிஞ்ச மூடி வேறை, அண்ணை" என்று அடக்கியதும் நீங்கள்தான்.

சிறுபிள்ளைகளிடம் மூடியைக் கொடுத்துத் திறக்கச் சொல்வோம். ஒரு சின்னவள் பல்லாலேயே கடித்துப் பார்த்தாள். அந்தப் பிள்ளையைக் கண்டவர் யாரும் பூட்டே வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நானும் சொல்லவில்லை. அடுத்து வயதானவர்களிடம் கொடுப்போம்; அவர்களால் திறக்க முடிய வேண்டும். அவர்களைக் கூப்பிடுவது என் வேலை. ஃபோனில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கைகளில் நோவு, வருத்தம் ஏதாவது உண்டா? உண்டு என்றால் நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். இதை உங்களிடம் சொன்னபோது தோசை சுட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"அப்ப என்னையும் நன்றி சொல்லி வைச்சிடுவாய்."

"அங்கத்தை ஒழுங்கு அப்பிடி, சின்னம்மா."

"சரி, சரி. தோசை ஆறுது, சாப்பிடு."

நல்ல கைகளை மட்டும் கூப்பிட்டுத் திறக்க வைத்து, எல்லோராலும் திறக்கலாம் என்று முத்திரை குத்துகிறோம். திறக்க ஏலாதவர் மூடவும் மாட்டார் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வானில் ஓடிய பெற்றோலுக்கு யார் காரணம்? கவனமில்லாத ஒரு தமிழ்ப் பெண்ணா? உங்கள் செத்தவீட்டுக்கு வந்த பழைய பொறுப்பாளர், பூவை வைத்துவிட்டு என்னிடம் அன்பாகத்தான் சொன்னார்: "நல்ல பெண். பெற்றோல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனக்குறைவு." நான் தலையாட்டினேன். சத்தியம் வாயைக் கட்டியிருந்தது. அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

வியாழக்கிழமை எங்கள் இடத்தில் ஒரு கூட்டம். புதிய பெற்றோல் கான் ஒன்றின் மூடியைப் பற்றி முடிவு எடுக்கப் போகிறார்கள். அதே அமத்தும் மூடி, இன்னும் இறுக்கமாக. கை வருத்தம் உள்ளவர்களையும் சோதனைக்குக் கூப்பிட வேண்டும் என்று போன கிழமை என் மேலாளரின் கதவைத் தட்டிச் சொன்னேன். நான் தட்டினேன் என்பதையே நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவர் கெட்டவரல்ல. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

"தெரிந்த ஒருவருக்கு."

"யார் அவர்? என்ன நடந்தது? அதைச் சொன்னால் கூட்டத்தில் வைக்கலாம். சும்மா யாரோ ஒருவர் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்."

யாரோ ஒருவர்! என் நாக்கு நுனி வரை வந்தீர்கள். விழுங்கிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்தேன்.

குறடு இப்போது என் வேலைப் பைக்குள் இருக்கிறது. பாரமாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை அதை மேசையில் வைத்தால், நான் அதிகம் பேச வேண்டியிருக்காது. துணியைக் காட்டினால் போதும். ஆனால் இது எதற்கு என்று கேட்பார்கள். அப்போது உங்கள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் அது ஒரு நாள் அந்தப் பொறுப்பாளரின் காதுக்கும், அம்மாவின் காதுக்கும், பெரியமாமாவின் காதுக்கும் போகும். அவர் சிரிக்கவும் கூடும். சிரித்தால் பதில் சொல்ல நீங்கள் இல்லை. நான்தான் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்க்கிறேன்.

இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்கிறேன். சத்தியத்தை வாங்கியவர்தான் திருப்பித் தர வேண்டும் என்பார்கள். புதன்கிழமை வேலை முடிய ஊன்ட்றொப்புக்குப் போவேன். அன்றைக்கு நாங்கள் நின்ற அதே இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். நான் அடித்துத் தந்த சத்தியத்தை என் கையில் போட்டுவிடுங்கோ, சின்னம்மா. உங்களுக்கு நோகாது. என்னைக் கதைக்க விடுங்கோ.