பேய்ப்பாட்டு என்று நான் சொன்ன நாள்

போன சனிக்கிழமை பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணின் கறுப்பு ரீசேட்டில் அந்த எழுத்தைக் கண்டேன். எழுத்தென்று யாரும் சொல்லமாட்டார்கள். பிடுங்கிப் போட்ட மரத்தின் வேர்கள் சிக்கிக் கிடப்பதுபோல இருக்கும். பக்கத்தில் நின்ற ஐயா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மெல்ல வாசித்தேன். புளோரிடா இசைக்குழு ஒன்றின் பெயர். அந்த எழுத்தை வாசிக்கப் பழக்கியவள் நீ. "முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பிடி. நடுவில கிடக்கிறது தானா வரும்" என்பாய்.

ஜெயபுரத்துக்கு, வீட்டுக்குப் போக நின்றவள், எதிர்ப்பக்கம் போய் முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினேன். உன் அம்மாவிடம் போவதற்கு. உன்னை அடக்கம் செய்த பிறகு ஐந்து வருடமாக நான் போகாத வீடு அது.

கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில் நீ சட்டைக் கொலர் தைத்தாய், நான் சட்டைக் கை தைத்தேன். தங்கியதும் ஒரே வாடகை அறையில். நீ கடற்கரைப் பிள்ளை. ஞாயிறு பூசையைத் தவறவிடமாட்டாய். நான் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேத்தி. ஒரு நாள் உன் மெஷின் இறுகிப்போக, குருநாகலில் இருந்து வந்திருந்த மெக்கானிக் அண்ணா திருத்த வந்தார். அவருடைய இயர்போனில் இருந்து கரகரவென்று ஏதோ கசிந்தது.

"அண்ணா, உங்கட காதுக்குள்ளயும் மெஷின் பழுதோ?" என்று கேட்டாய்.

அவர் சிரித்துவிட்டார். "இது பாட்டு தங்கச்சி. டெத் மெட்டல். கேட்டுப் பாருங்க, பயப்பட வேணாம்."

அடுத்த கிழமை ஒரு பென் ட்ரைவ் கொண்டுவந்து தந்தார். அறைக்குள் கட்டிலில் குந்தியிருந்து, ஒரு பக்கத்தை உன் காதிலும் மற்றப் பக்கத்தை என் காதிலும் வைத்தாய். ஒரு நிமிடம்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஆரோ ஓங்காளிச்சுச் சத்தி எடுக்கிற மாதிரிக் கிடக்கடி!"

"பொறு. குரலை விடு. ட்ரம்ஸை மட்டும் கேள்."

கேட்டேன். எங்கள் லைனில் அறுபது மெஷின்களும் ஒரே நேரத்தில் ஓடுவது போலவும், அத்தனையையும் ஒருவர் ஒரே காலால் மிதிப்பது போலவும் இருந்தது. மூன்றாம் கிழமை, "இண்டைக்கு எது?" என்று கேட்டவள் நான்தான்.

நீ கேட்பதோடு நிற்கவில்லை. யார் தொடங்கியது, யாருக்குப் பிறகு யார் என்று போனில் தேடித் தேடி வாசித்தாய். இங்கிலாந்தில் மூன்று பேர் கரடுமுரடாக அடித்துப் பதிந்த அல்பங்களில் இருந்துதான் இது கிளைத்தது என்றாய். "வடிவா வாசிக்கத் தெரியாமத்தான் தொடங்கினவங்கள். அவங்கட பிழையைத்தான் பிறகு வந்தவங்கள் எல்லாரும் பழகினவங்கள்." சுவிஸ் என்றால் எனக்குச் சித்தப்பாமார் போன நாடு, உனக்கு, ஆரம்பத்தில் எல்லோரும் பகிடி பண்ணிய ஒரு மூவர் குழுவின் நாடு. பிரேசில் சகோதரர்கள் ஆங்கிலம் சரியாகத் தெரியாமலே ஆங்கிலத்தில் பாடினார்கள் என்று வாசித்த அன்று, "எங்கட இங்கிலீசு மாதிரித்தான்!" என்று குதித்தாய். ஒரு நொடியில் முடிகிற பாட்டொன்றை இருபது தரம் போட்டுச் சிரித்தோம்.

எல்லோரிலும் உனக்குப் பிடித்தவர், அந்த ரீசேட்டில் பெயர் இருந்த புளோரிடாக் குழுவின் பாடகர். முதல் அல்பம் முழுக்கப் பிணமும் இரத்தமும். போகப் போக மனிசருடைய மனத்தைப் பற்றி எழுதினார். தலைக்குள் கட்டி வந்து இளவயதிலேயே இறந்துபோனார். "ஒரே ஆள்தான். என்ன மாதிரி வளந்திட்டுது பாத்தியே" என்றாய், உன்னுடைய தம்பியைச் சொல்வதுபோல.

நோர்வேதான் உன்னைக் குழப்பியது. எங்களுக்கு அது சமாதானம் பேச வந்த நாடு. அங்கே இந்த இசையைத் தொடங்கிய பெடியளில் சிலர் மரத்தால் கட்டிய தேவாலயங்களுக்கு நெருப்பு வைத்தார்கள் என்று வாசித்ததும் இயர்போனைக் கழற்றிவிட்டாய். "எரிஞ்ச கோயிலை நான் பாத்திருக்கிறன். இவங்களுக்கு அது விளையாட்டு." நோர்வேப் பாட்டு எல்லாவற்றையும் அழித்தாய். இரண்டு கிழமை கழித்து ஒரேயொரு அல்பத்தை மட்டும் மெக்கானிக் அண்ணாவிடம் திரும்ப வாங்கி வந்தாய். "இவங்கள் ஒண்டையும் எரிக்கேல்லையாம். வடிவா விசாரிச்சனான்." கலியாணத்துக்கு மாப்பிள்ளை விசாரித்தவள் மாதிரி அதைச் சொன்னாய்.

பிறகு ஒரு நாள் உன் அம்மா எங்கள் அறைக்கு வந்தார். நீ கடைக்குப் போயிருந்தாய். எனக்கென்று தனியாகக் கருவாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். கொடியில் உன்னுடைய மண்டையோட்டு ரீசேட் காய்ந்துகொண்டிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிள்ளை, நீ நல்ல பிள்ளை. உண்மையைச் சொல்லு. இவள் ஆரோடயும் பழகிறாளோ?"

உன் ஊர்ச் சனம் ஏதோ கதைத்திருக்க வேண்டும். இல்லை என்று சொல்லியிருந்தால் அதுவே முழு உண்மை. ஆனால் அந்த 'நல்ல பிள்ளை' என்னை என்னவோ செய்தது. மலையகத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களை வேறாகப் பார்க்கிறவர்கள் நடுவில், கருவாட்டுப் பொதியோடு வந்து என்னைத் தன் மகள் போல நம்பிக் கேட்கிற ஒருவர். அவருடைய கண்ணில் நல்லவளாகவே இருந்துவிட ஆசைப்பட்டேன்.

"பழகிறதெண்டு இல்லை அன்ரி. ஒரு மெக்கானிக் பாட்டுக் குடுக்கிறவர், சிங்கள ஆள். பேய்ப்பாட்டு. என்னால எண்டால் காதில வைக்கேலாது."

அன்று பின்னேரமே உன்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீ உடுப்பு மடித்தபோது நான் கிணற்றடியில் நின்றேன்.

ஒரு கிழமை கழித்து போன் எடுத்தாய். "அம்மாவுக்கு ஆரடி சொன்னது?"

"தெரியாது."

"நீயில்லை எண்டு எனக்குத் தெரியும். சும்மா கேட்டனான்."

பென் ட்ரைவை அம்மா கடலில் எறிந்துவிட்டார் என்றாய். பிறகு, "ஒரு பேப்பர் எடு" என்றாய். இருந்ததிலேயே நல்லதென்று பத்து அல்பங்களின் பெயர்களை நினைவிலிருந்து சொன்னாய். எது முதலில், எதற்குப் பிறகு எது என்ற ஒழுங்கோடு. "எல்லாத்தையும் போனில இறக்கி வை. மார்கழியில நத்தார்ப் பூசை முடிய எப்படியும் வருவன்." எழுதிக்கொண்டேன். ஆனால் ஒன்றையும் இறக்கவில்லை. ஓவர்டைம், களைப்பு, டேட்டா முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். உன் முகத்தைப் பார்க்கப் பயம் என்பதுதான் உண்மை.

அந்த மாரி மழைக்காலத்தில் உனக்கு டெங்கு. நான்கு நாள். உன்னை அடக்கம் செய்த அன்று கோயில் வாசலில் உன் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "நீ ஒருத்திதான் பிள்ளை என்ர மகளுக்கு நல்லதை நினைச்சனீ." நானும் அவரைக் கட்டிப்பிடித்தேன்.

பத்தையும் அதற்குப் பிறகுதான் இறக்கினேன். ஒவ்வொன்றாக, நீ சொன்ன ஒழுங்கில் கேட்டேன். கேட்டுவிட்டுச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

சனிக்கிழமை நான் போனபோது உன் அம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். கதிரை கொண்டுவந்து தந்தார். நான் இருக்கவில்லை.

"அன்ரி, அண்டைக்கு நான் பொய் சொன்னனான். அந்தப் பாட்டை நானும்தான் கேட்டனான். அவளோட சேந்து, ஒவ்வொரு நாளும். அந்த அண்ணாவும் நல்ல ஆள். அவர் பாட்டுத் தந்ததைத் தவிர வேற ஒண்டும் இல்லை."

கத்தி நின்றது. ஏசுவார் என்று நினைத்தேன்.

"அந்தச் சத்தத்தில அவள் என்னத்தைக் கண்டவள் பிள்ளை?"

நீ எனக்கு ஒரேயொரு தரம் சொன்னதைச் சொன்னேன். சண்டைக் காலத்தில் பங்கருக்குள் கிடந்த வயதில் கேட்ட ஷெல் சத்தம் எப்போது நிற்கும், அடுத்தது எங்கே விழும் என்று தெரியாது. இந்தச் சத்தம் அதையும்விடப் பெரிது. ஆனால் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். அது முடிகிற இடம் முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் உனக்குப் பிடிக்கும் என்று சொன்னேன்.

அவர் கை கழுவினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே," என்றார். பிறகு, "நானும் கேக்கேல்லை."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். மன்னித்தாரா என்று தெரியாது. அதை நான் கேட்கவும் இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தேன். அன்று அந்த அறையில் உன் அம்மா கேட்டது, உன்னிடம் கேட்கவேண்டிய கேள்வி. நீ கடைக்குத்தான் போயிருந்தாய். கால் மணித்தியாலத்தில் வந்துவிடுவாய். எவ்வளவோ சொன்ன நான் ஒன்றை மட்டும் சொல்லியிருக்கலாம். தையல் லைனிலும், கிணற்றடியிலும், சில நேரம் பாட்டுக்கு நடுவிலும் அது என் வாயில் வந்து நிற்கிறது. அதைக் கேட்டிருக்க வேண்டிய உன் அம்மா பக்கத்தில் இல்லாத நேரங்களில் சொல்லிப் பார்க்கிறேன்:

"அவளிட்டையே கேளுங்கோ, அன்ரி."